பாறைக் காட்சிப் படங்கள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாறைக் காட்சிகள் என்ற வரிசையில் நாங்கள் அச்சிட்டு அனுப்பும் சுவர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, இவை உண்மையாகவே உள்ள இடங்களா, கணினியில் வெட்டி ஒட்டியவையா என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாமே உள்ள இடங்கள்தாம். எந்தப் பாறையின் வடிவத்திலும் நாங்கள் கை வைக்கவில்லை. எனினும், அந்த வடிவங்கள் உருவான விதத்தையும் சொன்னால்தான் உங்கள் ஐயம் முழுமையாகத் தீரும் என்று கருதி இம்மடலை எழுதுகிறோம்.

அதிகமாகக் கேள்வி எழுந்தது வட அயர்லாந்தின் கடற்கரையில் உள்ள ஜயன்ட்ஸ் காஸ்வே படத்தைப் பற்றித்தான். ஏறத்தாழ 40,000 கல்தூண்கள் நெருக்கமாக நிற்கும் அவ்விடத்தில் மனிதக் கையின் வேலை எதுவும் இல்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவிய எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைத் தாங்க முடியாமல், வறண்ட ஏரியின் சேறு வெடிப்பதுபோல, அது பலகோண வடிவங்களாக வெடித்தது. வெப்பம் தணியத் தணிய அவ்வெடிப்புகள் பாறையின் உள்ளே இறங்கிச் சென்றதால், மேலே தெரியும் பலகோணங்கள் ஒவ்வொன்றும் ஒரு தூணின் தலையாயின. பெரும்பாலானவை அறுகோணமே என்றாலும், படத்தை அருகில் வைத்துப் பார்த்தால் ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் கொண்ட தூண்களையும் காணலாம். சில தூண்களின் தலை கிண்ணம்போல் குழிந்து மழைநீரைத் தாங்கி நிற்கும், சில புடைத்திருக்கும். ஒவ்வொரு தூணும் குறுக்கே பல துண்டுகளாகப் பிரிந்திருப்பதாலும், ஒன்றின் புடைப்பு மற்றொன்றின் குழிவில் பொருந்துவதாலும் இப்படித் தெரிகிறது. இந்த ஒழுங்கைக் கண்டே பலர் ஐயப்படுகிறார்கள். எங்களுக்கோ அதில் கலந்திருக்கும் ஒழுங்கின்மைதான் இது இயற்கையின் வேலை என்பதற்குச் சான்றாகப் படுகிறது.

துருக்கியின் கப்படோசியாவில் நிகழ்ந்தது வேறு. எர்சியெஸ் முதலிய எரிமலைகள் பல காலங்களில் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து, நகத்தால் கீறினாலே உதிரும் அளவுக்கு மென்மையான பாறையாயிற்று. அதன்மேல் ஆங்காங்கே கடினமான பாறை அடுக்குகள் அமைந்தன. மழைநீரும், வெடிப்புகளில் புகுந்து உறையும் பனியும், காற்றும் மென்பாறையை அரித்தெடுத்தபோது, மேலே கடினப் பாறைத் துண்டு குடையாக நின்ற இடங்களில் மட்டும் அடியிலிருந்த பாறை கூம்பாக எஞ்சியது. படத்தில் கூம்புகளின் உச்சியில் கருமையாகத் தெரிவது அந்தக் குடைதான். அது சரிந்து விழுந்த பிறகு கூம்பு விரைவாகத் தேய்ந்துவிடும். ஒரே படத்தில் தொப்பியுள்ள கூம்புகளும் தொப்பியிழந்து கூர்மையாகிவிட்டவையும் சேர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் டவர் இவ்விரண்டு வேலைகளும் கூடிய இடம். நிலத்தடியில் ஆறிய எரிமலைக் குழம்பு தூண்களாக வெடித்து நின்றது. அதைச் சூழ்ந்திருந்த மென்மையான படிவுப் பாறைகளை நீர் நெடுங்காலம் அரித்துச் சென்ற பின்னரே அது வெளியே தெரிந்தது. அடிவாரத்திலிருந்து சுமார் 264 மீட்டர் உயரமுள்ள அப்பாறை, 1906இல் அந்நாட்டின் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கப்படோசியா படத்தில் கூம்புகளின் உடலில் தெரியும் சன்னல்களையும் கதவுகளையும் நீக்கித் தருமாறு சிலர் கேட்டிருந்தீர்கள். மென்பாறையைக் குடைந்து மக்கள் அமைத்துக்கொண்ட வீடுகளும் தேவாலயங்களும் புறாக்கூடுகளும் அவை. சாம்பல் படிந்த கதையில் அவையும் ஒரு பகுதி என்பதால் நாங்கள் நீக்குவதில்லை. அதேபோல், காஸ்வே தூண்களின் வெடிப்புகளையும் அழகுக்காக மழுப்பித் தர இயலாது. அவ்வெடிப்புகள் இல்லையேல் தூண்களே இல்லை. அளவிலும் சட்டத்திலும் நீங்கள் விரும்பும் மாற்றத்தைச் செய்து தர எப்போதும் அணியமாக இருக்கிறோம்.

இனி அனுப்பும் ஒவ்வொரு படத்துடனும், அப்பாறையின் வகையையும் அது உருவான விதத்தையும் விளக்கும் ஒரு தாளை இணைக்கிறோம். முன்பே படம் வாங்கியவர்கள் எழுதிக் கேட்டால் உங்களுக்கும் அத்தாளை அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
பாறைக் காட்சிகள் அச்சகத்தார்