தும்மல் மட்டுமா அலர்ஜி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வாமை பற்றிய தங்கள் கட்டுரை தூசி, வேர்க்கடலை, வளர்ப்பு நாய் வரை எல்லாவற்றையும் சொன்னது. காட்டு வேலைக்குப் போகிறவர்களை வாட்டும் பார்த்தீனியம் என்ற களைச்செடி பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்ட இந்த அமெரிக்கச் செடி, இன்று தரிசு, தண்டவாள ஓரம், பள்ளிச் சுவர் என்று எங்கும் மண்டிக் கிடக்கிறது. இதன் மகரந்தத்தால் தும்மலும் இளைப்பும் வரும் என்பது பலருக்கும் தெரியும். தோலில் இது செய்கிற வேலை வேறு. செடியிலுள்ள பார்த்தெனின் என்ற பொருளை நம் வெள்ளணுக்கள் ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால், அப்புறம் எப்போது பட்டாலும் ஓரிரு நாளில் அரிப்பு கிளம்பிவிடும். தொடக்கூட வேண்டாம், காய்ந்த துகள் காற்றில் வந்து ஒட்டினாலே போதும். இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று தூசி தங்கும் இடமாகப் பார்த்துப் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்களுக்கு அங்கெல்லாம் தோல் தடித்துக் கறுத்துவிடும். ராத்திரி தூக்கம் இருக்காது, காலையில் வேலைக்கும் போக முடியாது.

கட்டுரை சொன்ன அலர்ஜி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை. இது உடனே தடிப்பு எழும்பும் ரகமல்ல. சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி வைத்து, ஓரிரு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியது. மாத்திரை கேட்கவில்லை என்றதும் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு களிம்பு வாங்கி, பவுடர் பூசுவதுபோல் முகம் முழுக்கப் பூசிக்கொள்கிறார்கள். தோல் மெலிந்துபோகிறது. ஸ்டீராய்டு மாத்திரையையே மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பும் வலுவிழக்கும்.

இந்தச் செடியைப் பிடுங்குவதற்கு யாரை அனுப்புகிறோம்? நூறு நாள் வேலைக்கு வரும் வயதான பெண்களை. அதுவும் வெறுங்கையோடு, செடி பூத்துக் குலுங்கும்போது! ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். பூத்தபின் பிடுங்கினால் விதையும் சிதறும், மகரந்தமும் மூக்கில் ஏறும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே தோல் அலர்ஜி உள்ளவர்களை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. மற்றவர்களுக்குக் கையுறையும் முகத்துணியும் ஊராட்சியே வாங்கித் தரட்டும். அதற்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பல்லடம்