ஜெனரேற்றர் வேண்டாம், தம்பி

கிளிநொச்சி

அன்புள்ள மகன் தம்பிக்கு,

மாரி தொடங்கிவிட்டது. இனிக் கொஞ்சக் காலத்துக்குக் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இங்குள்ள உன் மீன்தொட்டிக்காக ஜெனரேற்றர் வாங்க ரொறொன்ரோவிலிருந்து காசு அனுப்புகிறேன் என்று நீ சொன்னதைப் பற்றி அம்மாவும் நானும் கதைத்தோம். வேண்டாம். போனில் விளக்கினால் பாதியில் மறித்து உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பிறப்பதற்கு முன், வன்னியில் கரண்ட் என்ற பேச்சே இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். செய்தி முடியும்வரை ஆள் மாறி ஆள் சுற்றுவோம். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். உன் தொட்டியின் காற்று மோட்டர் கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்கு 1000 வாற் மெஷின் எதற்கு? மழைக்குள் அதை வெளியே வைத்து ஓட்டவும் முடியாது. விறாந்தையிலோ குசினியிலோ வைத்தால் அந்தப் புகை மனிதரையே கொல்லும். போதாததற்குக் காற்று மோட்டரும் அதே புகையை இழுத்துத் தண்ணீருக்குள் விடும்.

கரண்ட் போனால் முதலில் கெடுவது தண்ணீரின் மூச்சு. தண்ணீரின் மேல்முகம் அசைந்தால்தான் காற்றிலிருக்கும் ஒட்சிசன் வேண்டியளவு உள்ளே இறங்கும். மோட்டர் நின்றதும் அந்த அசைவு நின்றுவிடுகிறது. எங்கள் வெக்கை வேறு. 20 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் பிடிக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வெக்கையில் மீன் மூச்சு வாங்குவதும் கூட. நீ ஆசையாக வைத்த செடிகள் இருட்டில் ஒட்சிசன் தராது, மீனோடு பங்குக்கு நிற்கும். இருட்டாக இருக்கிறதே, மீன் பாவம் என்று அம்மா ரோர்ச் அடித்துப் பார்க்கிறா. இருட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லா மீனுக்கும் இந்தக் கவலை ஒரே அளவில்லை. உன் ஃபைற்றரும் கௌராமியும் மேலே வந்து வெளிக்காற்றை நேரே குடிக்கிற சாதி, எங்கள் குளத்து விராலைப் போல. தங்கமீன்தான் முதலில் தவிக்கும். அது பெருத்தும் விட்டது. அதனால் பெரிய இரண்டையும் சின்னம்மா வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். கோபிக்காதே, அங்கே அகலமான தண்ணீர்முகம் இருக்கிறது, மீனும் குறைவு. இரண்டடித் தொட்டிக்குள் இவ்வளவு மீன் போட்டது உன் வேலை. எத்தனை பற்றறி வைத்தாலும் நெரிசலுக்கு அது மருந்தாகாது.

இப்போது வீட்டில் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றறி ஒன்று கிடந்ததல்லவா, அதைச் சார்ஜ் ஏற்றி, 12 வோல்ற்றிலேயே நேரே ஓடும் சின்னக் காற்று மோட்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். கணக்குக்கு அதில் 84 வாற் மணி இருக்கிறது. ஈய பற்றறியை அடிமட்டம் வரை வடியவிட்டால் கெதியில் செத்துவிடும் என்பதால் பாதியைத்தான் எடுப்பேன். அப்படியும் 3 வாற்றுக்கு 14 மணித்தியாலம் வரும். இடையிடையே நிறுத்தி ஓட்டினால் இன்னும் நீளும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதைக்கூடத் தாண்டலாம். மோட்டரைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே தட்டில் வைத்திருக்கிறேன். கீழே வைத்தால் அது நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இழுபட்டு மோட்டருக்குள் இறங்கும், பிறகு நிலமெல்லாம் வெள்ளம்.

புயல் என்றால் முன்கூட்டித் தெரியும். 2020 டிசெம்பரில் புரெவி வந்தபோது வானிலைச் செய்தி நாட்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியான வேளையில் முதல் நாளே கால்வாசித் தண்ணீர் மாற்றி, ஃபில்டர் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். வீட்டுத் தண்ணீர் மோட்டர் போட்டால்தான் பைப்பில் தண்ணீர் என்பதால் இரண்டு வாளி நிரப்பியும் வைப்பேன். ஆனால் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையென்று நாடே இருண்டதே, அதற்கு எந்த வானிலை அறிக்கை? ஆகவே பற்றறி எப்போதும் நிறைந்தபடியே இருக்கும்.

பற்றறியும் கைவிட்டால் செம்பு இருக்கிறது. தொட்டித் தண்ணீரையே அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், மணித்தியாலத்துக்கு ஒருதரம் பத்துப் பதினைந்து செம்பு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இன்னும் அடிக்கடி. இரவில் அம்மாவும் நானும் முறை வைத்து எழும்புவோம், அது எங்களுக்குப் புதிதில்லை.

அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பது இரண்டு. ஒன்று, பாவம் பார்த்துச் சாப்பாடு போடக்கூடாது. நல்ல மீன் சில நாள் பட்டினி தாங்கும். தின்னாமல் கிடந்து அழுகும் சாப்பாடு இருக்கிற ஒட்சிசனையும் தின்று அமோனியாவையும் கூட்டும். மற்றது நுளம்புத் திரி. ஃபேன் நின்றதும் எங்கள் வீடுகளில் கை முதலில் போவது அதற்குத்தான். அதிலுள்ள மருந்து மீனுக்கு நஞ்சு, காற்று மோட்டர் அந்தப் புகையை நேரே தண்ணீருக்குள் இறக்கும். முன் அறையில் திரி இல்லை, நுளம்பு வலைதான் என்று முடிவாகிவிட்டது. அம்மா முணுமுணுக்கிறா.

கரண்ட் திரும்பும் நேரமும் கவனம் வேண்டும். வந்து, போய், பிறகும் வரும். அந்தத் துள்ளலில் மோட்டர் எரியும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுப்பேன். கன நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே ஓடவிடவும் கூடாது. தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல பக்ரீரியா பெரும்பாலும் ஸ்பொஞ்சில்தான் இருக்கிறது, அதற்கும் மூச்சு வேண்டும். மூடின பெட்டிக்குள் அது செத்து நாறியிருந்தால் அந்த அழுகல் முழுக்கத் தொட்டிக்குள் பாயும். அதனால் நிற்கும்போதே ஸ்பொஞ்சைக் கழற்றித் தொட்டிக்குள் மிதக்கவிடுவேன், பெட்டித் தண்ணீரை வெளியே ஊற்றுவேன். உன்னுடையது விளிம்பில் தொங்கும் ஃபில்டர் என்பதால் திரும்பப் போடும்போது தண்ணீர் நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து கறகறக்கும்.

உன் ரொறொன்ரோ வீட்டுத் தொட்டிக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. 2013 டிசெம்பர் பனிமழையில் அங்கேயும் இலட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனதல்லவா. அங்கே எதிரி குளிர். தொட்டியைப் போர்வையால் சுற்றி, மேலே மட்டும் கொஞ்சம் திறந்து விடு.

அனுப்பத்தான் வேண்டுமென்றால், காற்றுக் குழாயில் தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கும் சின்ன வால்வு நாலைந்தும், கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பற்றறிக் காற்று மோட்டர் ஒன்றும் வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. ஜெனரேற்றர்க் காசைக் கையில் வைத்திரு, தையில் கூரை ஓட்டு வேலை இருக்கிறது.

அன்புடன்,
அப்பா