கலர் பாம் வெயிலுக்குப் பழக நாள் கணக்கு போதாது, குருத்துக் கணக்கு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க தோட்டப் பக்கத்துல கலர் பாம் செடிங்க (பனை, தென்னை குடும்பத்து அழகுச் செடிங்க) பத்தி அரைப் பக்கம் வந்திருந்துச்சு. படமெல்லாம் சூப்பர், அந்த சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாம் படத்தை என் தங்கச்சி வெட்டி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியே வச்சுட்டா. ஆனா நடுவுல ஒரு வரி இருக்கு பாருங்க, இதெல்லாம் வெப்பமண்டலச் செடிங்கறதால வாங்கின உடனே முழு வெயில்ல வச்சாதான் கலர் வரும்னு, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். கலருக்கு வெயில் வேணும்ங்கறது பாதிக்கு மேல சரி. "வாங்கின உடனே"ங்கறதுதான் செடியைக் கொல்லும். எப்படித் தெரியும்னா நானே ஒண்ணைக் கொன்னுருக்கேன், அதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி இடுப்பு உயரத்துல ஒரு லிப்ஸ்டிக் பாம் வாங்கினேன், தண்டு இன்னும் முழுசா சிவக்கல, அடில ஒரு ஆரஞ்சு சாயல் மட்டும். நர்சரில கேட்டதுக்கு வெயில்ல வைங்க சிவந்துரும்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க, ஆனா அவங்க அதை வளத்தது பச்சை ஷேட் நெட்டுக்கு (நிழல் வலைக்கு) அடில, அதுவும் மத்த செடிங்களுக்கு நடுவுல நெருக்கமா. நான் நேரா மொட்டை மாடில மேற்குப் பக்கம் கொண்டு வச்சேன். மொத நாள் ஒண்ணும் தெரியல. மூணாவது நாள் பாத்தா மேல் ஓலை ரெண்டும் வெந்த கீரை மாதிரி தொங்குது, அங்கங்க வெளுத்துப் போச்சு, ஒரு வாரத்துல அந்த வெளுத்த இடம் பூரா காஞ்ச வாழைச் சருகு கலருக்கு வந்துருச்சு. வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பூச்சின்னாங்க, தண்ணி போதலைன்னாங்க, வேப்பெண்ணெய் அடின்னாங்க, நானும் அடிச்சேன் (அடிச்சதுல வெயில் இன்னும் நல்லா சுட்டுச்சு, எண்ணெய் தெளிச்ச இலையை வெயில்ல விடவே கூடாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது).

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சும்மா பக்கத்துல உக்காந்து பாத்தப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கருகின கீழ் ஓலைல நடு நடுவுல பச்சையா கோடு கோடா இருக்கு, சீப்பை வச்சு அழுத்தி எடுத்த மாதிரி. என்னடா இதுன்னு பாத்தா அது மேல் ஓலையோட கீத்து நிழல் விழுந்த இடம். நிழல் விழுந்த இடம் பச்சை, விழாத இடம் கருகல், அளவெடுத்த மாதிரி. பூச்சியோ பூஞ்சையோ நிழல் பாத்து விட்டு வைக்காதே சார், அப்போ இது சுத்தமா வெயில் சுட்டதுதான். உங்க வாசகர்கள் யாருக்காவது ஓலை கருகிச்சுன்னா மருந்து வாங்க ஓடறதுக்கு முன்னாடி மொதல்ல இதைப் பாக்கச் சொல்லுங்க.

வெப்பமண்டலம்னா வெயில்னு நாமளே முடிவு பண்ணிக்கறோம், அதான் பிரச்சனை. லிப்ஸ்டிக் பாமோட சொந்த இடம் தாய்லாந்து தெக்குப் பக்கம், மலேசியா, சுமத்ரா, போர்னியோ, அதுலயும் சதுப்புக் காடு. கன்னு மொளைக்கறது பெரிய மரங்க நிழல்ல, வளந்து மேல வந்தப்புறம்தான் தலைல வெயில் படும், அப்பவும் கால் ஈரத்துலயே இருக்கும், காத்துலயும் ஈரம். நம்ம மாடில தலைலயும் வெயில், தரைலயும் சூடு, காத்தும் வறண்டது, ஒரே நாள்ல மூணையும் மாத்திட்டு கலர் வரலன்னு சொன்னா எப்படி. வெளிச்சத்தை எண்ணுல சொன்னா இன்னும் புரியும், மத்தியான நேர் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு), 75 சதவீத ஷேட் நெட்டுக்கு அடில அதுல கால் பங்கு, வீட்டுக்குள்ள ஜன்னலை விட்டுத் தள்ளி வச்ச செடிக்கு 1,000 லக்ஸ் கெடைச்சாலே பெருசு. ஹால்ல இருந்த அரிகா பாமை ஒரே தூக்கா தூக்கி வெயில்ல வைக்கறது எவ்ளோ பெரிய தாவல்னு பாத்துக்கோங்க.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, இது புரிஞ்சா மத்ததெல்லாம் தன்னால வந்துரும். நிழல்ல விரிஞ்ச ஓலை மெல்லிசா அகலமா பச்சை நெறைய வச்சுக்கிட்டு கெடைக்கற கொஞ்ச வெளிச்சத்தையும் புடிக்கறதுக்குன்னே செஞ்சது, வெயில்ல விரியற ஓலை தடிமனா கொஞ்சம் சின்னதா இருக்கும். விரிஞ்சு முடிஞ்ச ஓலையைப் பிரிச்சு மறுபடி தடிமனா தச்சுக்க செடியால முடியாது. கொஞ்சம் சமாளிச்சுக்கும், அவ்ளோதான். அதனால செடி வெயிலுக்குப் பழகுதுன்னா நெஜமா நடக்கறது என்னன்னா பழைய ஓலைங்க ஒவ்வொண்ணா ஓய்வு வாங்கி, வெயிலுக்குன்னு செஞ்ச புது ஓலைங்க அந்த எடத்துக்கு வர்றது. செம்பருத்தி மாதிரி செடின்னா பத்து கிளைல இருந்து பத்து நாள்ல துளிர் வந்துரும். பாமுக்கு ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்து, ஒண்ணு விரிஞ்சாதான் அடுத்தது. பழைய தமிழ்ல பனை தென்னையெல்லாம் மரம்னே சொல்லல, வெளில வைரம் பாஞ்ச கட்டை, உள்ள மெத்துன்னு சோறுங்கறதால புல்லு வகைலதான் சேத்தாங்க, அந்தக் கணக்கு ரொம்பச் சரி, பட்டை உரிஞ்சா மறுபடி மூடறது, தண்டு நடுவுல பக்கக் கிளை விடறது இதெல்லாம் இதுங்களுக்குக் கெடையாது.

இன்னொண்ணு, வெளிய கூர்மையா நிக்கற குருத்து இன்னைக்கு நேத்து உருவானது இல்ல, உள்ளுக்குள்ளயே மாசக்கணக்கா தயாராகி வர்றது. அதனால நீங்க செடியை எடம் மாத்தின அப்புறம் மொதல்ல விரியற ஓலை பெரும்பாலும் நிழல்ல தைச்ச சட்டைதான், அதுவும் லேசா கருகலாம். ரெண்டாவது பரவால்ல. மூணாவதுதான் நெஜமான வெயில் ஓலை. நல்லா காய்க்கற தென்னையே மாசத்துக்கு ஒரு ஓலைதான் விடும், தொட்டில இருக்கற லிப்ஸ்டிக் பாம் அதைவிட எவ்ளோவோ மெதுவு, என்கிட்ட ஒரு ஓலைக்கு ரெண்டு மூணு மாசம் ஆகுது. அப்போ "பத்து நாள்ல பழக்குங்க"ங்கற டிப்ஸ் எல்லாம் எந்தச் செடிக்குச் சொன்னது? நான் இப்போ காலண்டரே பாக்கறதில்ல, குருத்தைத்தான் பாக்கறேன். ஒரு குருத்து நல்லபடியா விரிஞ்சு நுனி கருகாம நின்னுச்சுன்னா வெயில் கொஞ்சம் ஏத்துவேன், இல்லன்னா அங்கேயே நிப்பாட்டிருவேன்.

மொதல்ல காலைல ஒரு மணி நேரம், கிழக்கு வெயில் மட்டும், அப்புறம் ரெண்டு மணி நேரம், அப்புறம் மத்தியானத்துக்கு 50 சதவீத நெட், கடைசிலதான் திறந்த வெளி. மேற்கு வெயில் எப்பவும் கடைசி. ஆரம்பிக்கறதுக்கு நல்ல நேரம் மழை சீசன், மேகமே இலவச ஷேட் நெட், காத்துல ஈரமும் இருக்கும், கோடைல ஆரம்பிச்சா தப்பு. ஆனா நாலு நாள் மேகம் போட்டுட்டு திடீர்னு சுளீர்னு அடிக்கும் பாருங்க, அன்னைக்கு மட்டும் ஒரு பழைய வேட்டியையாவது மேல கட்டிருங்க. தொட்டியைத் திருப்பாதீங்க, எந்தப் பக்கம் வெயிலைப் பாத்துச்சோ அதே பக்கம் பாக்கட்டும், நான் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன்.

தொட்டி பத்தியும் சொல்லணும், ஏன்னா பாதி பேருக்கு ஓலை கருகறது மேல அடிக்கற வெயில்னால மட்டும் இல்ல. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டில மத்தியானம் கை வச்சுப் பாருங்க, சுடும், அந்தச் சூட்டுல ஓரத்து வேர் வெந்துரும், வேர் போனா எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் மேல ஏறாது. நான் தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள்ள எறக்கி எடைவெளில தேங்காய் நார் போட்டேன், மேல மண்ணு தெரியாத மாதிரி சருகு மூடாக்கு, அதுக்கப்புறம் நல்ல வித்தியாசம். தண்ணி தவற விடக்கூடாது, லிப்ஸ்டிக் பாம் ஒரு நாள் காஞ்சாலும் மறக்காது. மத்தியானம் ஓலை மேல தண்ணி பட்டா சொட்டு லென்ஸ் மாதிரி சுட்டுரும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, வழவழப்பா இருக்கற இலைல அப்படில்லாம் ஆகாது, தாகத்துல கெடக்கறதைவிட அது எவ்ளோவோ மேல். உரம் மட்டும் எடம் மாத்தற நேரத்துல வேண்டாம்.

இப்போ கலர் விஷயம். உங்க கட்டுரைல எல்லாத்தையும் ஒரே கூடைல போட்டுட்டீங்க. பிஸ்மார்க் பாம் வெள்ளி கலர்ல இருக்கறது ஓலை மேல இருக்கற மெழுகுப் பூச்சு, வெரலால தேச்சா வந்துரும், அடில பச்சை தெரியும். இது மடகாஸ்கரோட திறந்த வெட்டவெளிச் செடி, இதுக்கு முழு வெயில் வேணும்தான், நிழல்ல வச்சா பச்சையடிச்சு நெட்டையா இழுத்துரும். ஆனா வேரைத் தொந்தரவு பண்ணினா கோவிச்சுக்கும், பையைக் கிழிச்சு மண்கட்டி உடையாம எறக்கணும். லட்டானியா பாமும் அப்படியே, ரீயூனியன்ல சிவப்பு, மொரீஷியஸ்ல நீலம், ரோட்ரிக்ஸ்ல மஞ்சள்னு தீவுக்கு ஒரு வகை, மூணும் வெயில் தாங்கும், அந்தச் சிவப்பு மட்டும் சின்ன வயசுலதான், வளந்தா போயிரும், ஏமாத்திட்டாங்கன்னு நர்சரிக்காரங்கள திட்டாதீங்க. அரிகா பாம் நிழல்ல கரும்பச்சை, வெயில்ல பொன்மஞ்சள், அது நோய் இல்ல. ஃபிளேம்த்ரோவர்னு ஒண்ணு, நியூ கலிடோனியாக்காரன், புது ஓலை மட்டும் ரத்தச் சிவப்பா விரியும், பத்து நாள் சொச்சத்துல பச்சையாயிரும், இளசுல காட்டு நிழல்ல வளர்ற வகை, இதைச் சின்னதுலயே சுடுவெயில்ல வச்சா அந்தச் சிவப்பைப் பாக்கறதுக்கு முன்னாடியே ஓலை கருகிரும். லிக்குவாலா, பினாங்கா இந்த ரெண்டு பாம் வகையையும் வெயிலுக்குப் பழக்கவே பழக்காதீங்க. அதுங்க காட்டுக்கு அடில வாழறதுக்குன்னே பொறந்ததுங்க, ஓலைல இருக்கற அந்த வரியும் புள்ளியும் நிழல்லதான் அழகு. உங்க படத்துல லிக்குவாலாவை கல்லு பதிச்ச முற்றத்துல நடு வெயில்ல வச்சு எடுத்திருக்கீங்க, போட்டோ எடுத்துட்டு உடனே உள்ள கொண்டு போயிருப்பாங்கன்னு நம்பறேன்.

மஞ்சளாச்சுன்னா எல்லாமே வெயில்னும் சொல்ல முடியாது. கீழ் ஓலைல மட்டும் ஆரஞ்சுப் புள்ளி தெறிச்ச மாதிரி வந்து நுனி கருகினா அது பொட்டாஷ் பஞ்சம். கீழ் ஓலை ஓரம் பட்டையா மஞ்சளடிச்சு நடு ஈர்க்குப் பக்கம் பச்சையாவே நின்னா மெக்னீசியம் பஞ்சம். வெயில் சுட்டது இப்படி வயசு பாக்காது, வெயில் பட்ட பக்கம் மட்டும் சுடும். அதனாலதான் பாமுக்குன்னு போடற உரத்துல நைட்ரஜன் 8, பாஸ்பரஸ் 2, பொட்டாஷ் 12, மெக்னீசியம் 4ங்கற கணக்குல பொட்டாஷ் தூக்கலா சொல்றாங்க. பாதி கருகின ஓலையை அசிங்கமா இருக்குன்னு வெட்டாதீங்க, பச்சை இருக்கற வரைக்கும் அது சாப்பாடு செய்யும், பழைய ஓலைல இருக்கற பொட்டாஷைத்தான் செடி உறிஞ்சு புதுக் குருத்துக்குக் குடுக்கும், போதாததுக்கு அடுத்த ஓலைக்கு நிழலும் அதுதான். நான் வெட்டினேன், அழகா இருக்கட்டும்னு நாலு ஓலையும் வெட்டினேன், அப்புறம் குருத்து லேசா இழுத்ததும் கையோட வந்துருச்சு, அடில அழுகின வாடை. பெரிய தண்டு அன்னைக்கே முடிஞ்சுது.

அதனால அடுத்த வாரம் ஒரு சின்னத் திருத்தம் போடுங்க, நாலு வரி போதும், "வாங்கிய உடனே" எடுத்துட்டு "புது ஓலை மூணு விரியற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா"ன்னு போட்டா போதும், லிக்குவாலா படத்துக்கு அடில நிழல் செடின்னு ஒரு வார்த்தை சேத்துருங்க. தங்கச்சி அந்தப் படத்தைப் பாத்துட்டு இந்த வாரமே ஒண்ணு வாங்கப் போறேன்னு நிக்கறா, அவளுக்கு நான் சொன்னா ஏறாது, பேப்பர்ல வந்தா கேப்பா.

லிப்ஸ்டிக் பாம் புதர் மாதிரி பக்கக் கன்னு விடற வகைங்கறது எனக்கு அதிர்ஷ்டம். பெரிய தண்டோட நிழல்ல ஒளிஞ்சுக்கிட்டு இருந்த ஒரு சாண் கன்னு பொழச்சுக்கிச்சு. இப்போ அதுக்கு நாலு ஓலை, மொத ரெண்டும் நிழல்ல வந்தது, மூணாவது காலை வெயில்ல விரிஞ்சுது, நுனில ஒரு நகக்கண் அளவு கருகல், நாலாவது நெட்டுக்கு அடில விரிஞ்சு சுத்தமா நிக்குது. அடுத்த குருத்து பென்சில் மொத்தத்துல மேல வந்திருக்கு. தண்டு இன்னும் பச்சைதான்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க ஞாயிறு இதழ் படிக்கற வாசகி