மாவுக் கைக்குக் கண்ணாடி பேனலா?

ஈரோடு

மாப்ளே,

உன்ற கடுதாசியும், நீ டிசைன் பண்ற புது கிரைண்டர் படமும் வந்து சேர்ந்துச்சு. பையனுக்குப் பீளமேட்டுல வேலை கெடச்சதுல இங்க எல்லாருக்கும் சந்தோசம். இங்க மஞ்சள் வேகவைக்கிற காலம், ஊரே அந்த வாசம்தான்.

கிரைண்டர் லட்சணமா இருக்குது. கறுப்புக் கண்ணாடி, நீல வெளிச்சம், வெளிய துருத்தற பட்டன் ஒண்ணுமில்ல, கண்ணாடியைத் தொட்டாப் போதும். கடைக்காரர் முன்வரிசைல வைப்பாரு. ஆனா உளுந்து ஆட்டறப்ப தண்ணி தெளிச்சு மாவைத் தள்ளிவிட்டுட்டே இருக்கணுமில்ல? நிறுத்தற நேரத்துல ரெண்டு கையும் மாவு. விரல் பட்டா டச் பேனல்ல கெபாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வெக்கிற அளவு, மாறும்; அதை வெச்சுத்தான் விரலைக் கண்டுபிடிக்குது. அந்த மாற்றம் ஒரு பிகோஃபாரட்டுக்கும் கம்மி, ரொம்பச் சின்னது. கெபாசிட்டன்ஸை ஏத்தற டைஎலெக்ட்ரிக் மாறிலி தண்ணிக்கு 80 கிட்ட, கண்ணாடிக்கு 7 மாதிரி. சிந்துன மாவு ரெண்டு பட்டன் மேல படர்ந்தா, அதையே விரல்னு எடுத்துக்கும். அப்படி ஆனா பேனல் பூட்டிக்கிற மாதிரி புரோகிராம் எழுதுவாங்க. தப்பா ஓடாது, சரி. நிறுத்தற பட்டனும் அதோட செத்துப்போகும். அப்புறம் பிளக்கைத்தான் பிடுங்கணும்.

எனக்குப் பெரிய பயம் வேற. விலையைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத கெபாசிட்டர் சப்ளை போட்டிருந்தா, சர்க்யூட் போர்டு மெயின்ஸோட, அதாவது வீட்டு கரண்ட் லைனோட, நேரடித் தொடர்புல இருக்கும். பட்டனுக்குப் பின்னால நின்னு விரலை உணர்ற டச் ஸ்பிரிங்கும் அப்படியே. ஈரக் கைக்கும் அதுக்கும் நடுவுல கண்ணாடி மட்டும். பாத்திரம் இடிச்சு விரிசல் விட்டா என்னாகும்? போர்டு போடறவர்கிட்ட, மெயின்ஸோட தொடர்பில்லாம பிரிச்சு வெச்ச ஐசொலேட்டட் சப்ளைதானான்னு மொதல்ல கேளு.

கண்ணாடியை நேரம் காட்ட வெச்சுக்க. ஓட்டவும் நிறுத்தவும் திருப்பற குமிழ், ஒரே நாப்: 45 மி.மீ. விட்டம், பக்கத்துல ஆழமான வரி, மேல ஒரு மேடு. எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்க்காமலே கைக்குத் தெரியணும். 1998-ல ஐமேக்கோட வந்த வட்ட மவுஸ் ஞாபகம் இருக்கா? அத்தனை அழகு, தடவிப் பார்த்தா எது முன்பக்கம்னு தெரியாது. 2000-லயே ஆப்பிள் மாத்திருச்சு.

நாப்புக்கும் பாடிக்கும் நடுவுல அரை மி.மீ. விட்டா மாவு புகுந்து காஞ்சு இறுகிக்கும். சிலிக்கான் வளையம் போட்டு அடை, இல்லாட்டி துணி நுழையற மாதிரி 3 மி.மீ. விடு. நாப்பைத் தாங்கற ஷாஃப்ட் பிளாஸ்டிக்ல இருக்கட்டும், கரண்ட் கைக்கு வராது.

எழுத்து ரொம்பப் பொடிசு. படிக்கிற தூரத்தை 200-ஆல வகுத்துக்க, 60 செ.மீ.க்கு 3 மி.மீ. வருது. பெரியவங்க படிக்க 5 வை. மேல அச்சடிக்காத, நார் போட்டுத் தேச்சே அழிச்சுருவாங்க. கண்ணாடிக்குப் பின்பக்கம் அடி. நீல எல்இடிக்கு 20 மில்லிஆம்பியர் எதுக்கு? 2 போதும், ராத்திரி கண்ணு கூசாது.

காத்து ஓட்டையை அடில மறைச்சது பார்வைக்கு நல்லாத்தான் இருக்குது. ரப்பர் கால் 4 மி.மீ.தானே? கீழ துணி விரிச்சா காத்து அடைபட்டு, மோட்டார் சூடாகி ஓவர்லோட் ட்ரிப் ஆகி நின்னுரும். ரப்பர் காலை 12 மி.மீ. ஆக்கு. ஓட்டையைப் பின்பக்கம் கொண்டுபோய், தண்ணி உள்ள போகாத மாதிரி கீழ்நோக்கிச் சாய்ச்சு வை.

பிளாஸ்டிக் வார்க்கற மோல்டு வெட்டறதுக்கு முன்னால நாப்பை மட்டும் 3டி பிரிண்ட் எடு. தங்கச்சியை மாவுக் கையோட, கண்ணை மூடிட்டுத் திருப்பச் சொல்லு. வழுக்குனா வரியை இன்னும் ஆழமாக்கு. பண்டிகைக்கு ஒறம்பரை வர்றப்ப சாம்பிளையும் எடுத்துட்டு வா.

உன்ற மாப்ள