கருத்தடை மாத்திரை: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் என்று எச்சரித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எச்சரிக்கை பொய்யில்லை. ஆனால் யாருக்கு, எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைப் படித்து, மாத்திரை ஒத்துப்போகிற பெண் பாதி அட்டையோடு நிறுத்திவிடுவார். ஒத்துப்போகாத பெண்ணோ தனக்கு ஏன் ஆகாது என்றே தெரியாமல் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் கவலை இந்த இரண்டாமவரைப் பற்றித்தான்.

ஐரோப்பிய மருந்து முகமையின் 2013 மதிப்பீட்டின்படி, மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்குச் சிரைகளில் ரத்தக்கட்டி வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை எடுப்போரில் இது 5 முதல் 7. டிராஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் என்ற வேறு ஹார்மோன்கள் கலந்தவற்றில் 9 முதல் 12. பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரங்களில் இந்த அபாயம் எந்த மாத்திரையையும்விடப் பல மடங்கு அதிகம். அரசு இலவசமாகத் தரும் மாலா-என், அபாயம் குறைந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையைச் சேர்ந்தது. காசில்லாமல் கிடைப்பதாலேயே அதை மட்டமாக நினைப்பது தவறு.

கட்டி உருவாகக் காரணம் மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். அது கல்லீரலைத் தூண்டி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் அபாயம் மிகுதி. 'உடம்புக்கு ஓய்வு' என்று இடையிடையே நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறவர்கள் அந்த ஆபத்தான மாதங்களுக்குள் மறுபடி மறுபடி நுழைகிறார்கள். அப்படி ஓய்வு தேவையே இல்லை.

முதல் அட்டையைக் கொடுக்குமுன் பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு முறை தேடுவதே நல்லது. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், 35 வயதைக் கடந்து புகைப்பவர்கள், ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பாலூட்டுபவர்கள் ஆகியோருக்கும் இது ஏற்றதல்ல. அடுத்த கேள்விதான் அதிகம் விடுபடுகிறது. 'தலைவலி உண்டா?' என்று மட்டும் கேட்டால் போதாது. தலைவலி வருமுன் கண்ணில் மின்னல்போல் கோடுகள் நெளிகின்றனவா, பார்வையில் ஒரு பகுதி மறைகிறதா, கையோ முகமோ மரத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடவே கூடாது. பக்கவாத அபாயம் கூடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபின் எடுப்பவர்களின் சிக்கல் வேறு: கல்லீரல் ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும், மாத்திரை சாப்பிட்டும் கரு தங்கலாம்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையையும் இங்கே சொல்ல வேண்டும். நோரெதிஸ்டெரோன் 5 மி.கி., தினம் மூன்று வேளை. இந்த அளவில் அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஆகவே மேலே சொன்னவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இப்படிச் சாப்பிடும்போது இது கருத்தடையும் ஆகாது.

ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களில் பலருக்கு, ஈஸ்ட்ரோஜன் இல்லாத அந்தரா என்ற கருத்தடை ஊசி பொருந்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மி.கி.; போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. முதலில் திட்டுத்திட்டாக உதிரம் படும், பிறகு பலருக்கு மாதவிடாயே நின்றுபோகும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதாகப் பயந்து பாதியில் விடுகிறார்கள். கருப்பையின் உட்படலம் வளராததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்க 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம் என்பதால், அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. ஓராண்டுக்கு மேல் இந்த மருந்தைப் போட்டவர்களிடம் மெனிஞ்சியோமா என்ற மூளைச்சவ்வுக் கட்டி கூடுதலாகக் காணப்பட்டதாக 2024இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று வெளியானது. அரிதுதான், ஆனாலும் சொல்லிவிட்டே போட வேண்டும்.

ஹார்மோனே வேண்டாம் என்றால், கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி 380ஏ பத்தாண்டுக்குத் தாங்கும். ஆனால் உதிரப்போக்கைக் கூட்டும் என்பதால், ஏற்கெனவே ரத்தசோகையோடு அதிக உதிரம் படுகிறவர்கள் யோசிக்க வேண்டும். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஆணுறையும், ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசெக்டமியும் மனைவியின் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. குடும்பங்கள் இவற்றைப் பேசத் தயங்குவது வருத்தமளிக்கிறது.

மாலா-என் அட்டையில் ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், அடுத்த ஏழு நாள் ஆணுறையும் தேவை. எல்லாவற்றிலும் மோசமான மறதி, அட்டையின் கடைசியில் ஹார்மோன் இல்லாமல் வரும் ஏழு இரும்புச்சத்து மாத்திரைகள் முடிந்தபின் புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. ஏழு நாள் ஹார்மோன் இல்லாததால் சினைப்பை விழிக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் முட்டை வெளியேறக்கூடும்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வராத கடும் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மாத்திரை எடுப்பதைச் சொல்லி உடனே மருத்துவமனையில் காட்ட வேண்டும். இந்தப் பட்டியலை அடுத்த இதழில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– மகப்பேறு மருத்துவர், மதுரை