ஒரே பெயரில் மரமும் நத்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஓர் உயிரியின் அறிவியல் பெயர் வேறெந்த உயிரிக்கும் இருக்காது' என்று மாணவர் பக்கங்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. பாதிதான் சரி.

தாவரங்களுக்கு ஒரு பெயரிடல் விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு வேறொன்று. பெயர்களில் எது முந்தியது என்ற கணக்கு முன்னதற்கு 1753இல் தொடங்குகிறது, பின்னதற்கு 1758இல். ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. விலங்குகளுக்குள்ளேயே பேரினப் பெயர் (அறிவியல் பெயரின் முதல் சொல்) மோதினால் பிந்தியது விழுந்துவிடும். வாத்தலகி என்ற பாலூட்டிக்கு 1799இல் வைத்த 'பிளாட்டிபஸ்', 1793லேயே ஒரு வண்டுக்குப் போயிருந்தது. அதனால்தான் இன்று அது ஆர்னிதோரிங்கஸ். செடியோடு மோதினால் கேட்பாரில்லை.

மோரஸ் என்றால் மல்பெரி. கேனட் என்ற கடற்பறவையும் மோரஸ்தான். சில இடங்களில் முழுப் பெயருமே ஒன்று. ஃபைகஸ் வேரிகேட்டா, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் ஓர் அத்தி. அதே பெயரில் ஒரு கடல் நத்தையும் உண்டு: மெல்லிய ஓடு, ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் நீண்டு ஒடுங்கி, அச்சு அசல் அத்திப்பழம். ஃபைகஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே அத்தி என்றுதான் பொருள்.

சிக்கல் பட்டியல் போடும்போது வரும். பேரினப் பெயரை மட்டும் வைத்து எக்செல்லில் இரண்டு பட்டியல்களை இணைத்தால், அரனேரியா (இதுவும் செடிக்கும் பறவைக்கும் உள்ள பெயர்) வரிசையில் கல்திருப்பி உள்ளான் என்ற கரைப்பறவைக்குக் கார்னேஷன் செடியின் குடும்பம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் வம்பு. இணைக்கும் முன்பே தாவரமா விலங்கா என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பெயரையும் அதையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

படக்குறிப்புக்கு இவ்வளவு வேண்டாம். குடும்பப் பெயர் போதும். தாவரக் குடும்பங்கள் '-ஏசியே' என முடியும், விலங்குக் குடும்பங்கள் '-இடே' என. மோரேசியே என்றால் அத்தி மரம், ஃபிசிடே என்றால் நத்தை. பெயரிட்டவரைக் குறித்தாலும் தெரிந்துவிடும்: மரத்துக்குப் புளூமே, நத்தைக்கு ரோடிங், 1798. ஆண்டு சேர்ப்பது பெரும்பாலும் விலங்கியலார் வழக்கம்.

மாணவர் பக்கத்தில் அந்த வரியை, 'ஒரே விதித்தொகுப்புக்குள் ஒரு பெயர் ஓர் உயிரிக்கு மட்டுமே' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
திருநெல்வேலி