எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே ஓய்வு பெறச் சொல்லியிருப்பேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதில் எனக்கும் நிம்மதி. இங்கே செய்தி என்றால், வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அதனால் இப்போது என் பெரிய பொழுதுபோக்கு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பதுதான். இடது கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிற சுவர், வலது கண்ணுக்கு நல்ல வெள்ளை. இத்தனை வருஷம் பழுப்பைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்! ஆக, புது டிவித் திரையைப் பற்றி யோசனை கேட்க நீ சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய்.

அம்மா அறையில் இருக்கும், பின்பக்கம் பெருத்த பழைய 21 அங்குலக் குழாய் டிவியை எடுத்துவிட்டு 24 அங்குலத்தில் ஒன்று வைக்கலாம், மூன்று அங்குலம் கூடுதல்தானே என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்குலம் என்று சொல்வது மூலைக்கு மூலை அளப்பது. பழைய திரை நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்தது, கிட்டத்தட்டச் சதுரம். புதியது பதினாறுக்கு ஒன்பது, நீள்சதுரம். கணக்குப் போட்டுப் பார்: 21 அங்குலப் பழைய திரையின் உயரம் 12.6 அங்குலம். 24 அங்குலப் புதுத் திரையின் உயரம் 11.8 அங்குலம்தான். அம்மா விரும்பிப் பார்க்கும் பழைய படங்கள் நாலுக்கு மூன்று அளவில்தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு. அப்போது அந்தப் படம் 24 அங்குலத் திரையில் இருபது அங்குலம்கூட இருக்காது. புது டிவி வாங்கிக் கொடுத்துவிட்டு "முகமெல்லாம் சின்னதாகிவிட்டதே" என்று அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொள்ளாதே. 32 அங்குலம் வாங்கு. அதில் அதே பழைய படம் 26 அங்குல அளவுக்கு வரும்.

சரி, நீ முக்கியமாகக் கேட்ட ரெசல்யூஷன் விஷயத்துக்கு வருகிறேன். திரை முழுக்கப் புள்ளிகள். பிக்சல் என்பது அந்தப் புள்ளிதான். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்பதுதான் ரெசல்யூஷன், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண். 32 அங்குலத்தில் பெரும்பாலும் இரண்டு வகை. ஹெச்டி ரெடி என்றால் 1366 × 768, ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளி. ஃபுல் ஹெச்டி என்றால் 1920 × 1080, இருபது லட்சத்துக்கும் மேல். 4கே என்பது 3840 × 2160, எண்பத்து மூன்று லட்சத்தை நெருங்கும்.

இந்த 1366 என்ன கணக்கு என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. கணினித் திரைகள் முன்பு 1024 × 768 என்று வந்தன. அந்த 768 வரியை (வரி என்பது குறுக்கே ஓடும் ஒரு புள்ளி வரிசை) அப்படியே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பதினாறுக்கு ஒன்பதாக அகட்டினால் 1365.33 வரும். அதை முழு எண்ணாக்கி 1366 என்று வைத்தார்கள். ஒளிபரப்போ டிவிடி மாதிரி வட்டோ இணையமோ, எதுவும் 768 வரியில் படம் அனுப்புவதில்லை. ஹெச்டி படம் 720 வரியில் வரும், இல்லையென்றால் 1080 வரியில் வரும். அதனால் இந்தத் திரைக்கு வரும் எந்தப் படமும் உள்ளபடியே போய் உட்காராது. 720 என்றால் ஒவ்வொரு 15 வரியையும் 16 ஆக நீட்ட வேண்டும். 1080 என்றால் 45 வரியை 32 ஆகச் சுருக்க வேண்டும். முகம், மரம், மைதானம் எல்லாம் இதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதது எழுத்து. நீ மடிக்கணினியைச் செருகினால் எழுத்து ஓரங்கள் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் புள்ளி கூடினால் படம் நன்றாக இருக்கும் என்று விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கண் டாக்டர் 6/6 என்று எழுதுகிறாரே, அந்தப் பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் (டிகிரியில்) அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளி அதற்கு ஒன்றாகத்தான் தெரியும். இதை 32 அங்குலத் திரைக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெச்டி ரெடியில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு அப்பால் போனால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. ஃபுல் ஹெச்டிக்கு அந்த எல்லை நாலடி. 4கேக்கு இரண்டடி! 32 அங்குல டிவியை யாராவது இரண்டடியில் உட்கார்ந்து பார்ப்பார்களா? இந்த அளவில் 4கே பற்றி இதற்கு மேல் யோசிக்காதே.

அம்மாவின் கட்டிலிலிருந்து டிவி வைக்கும் சுவர் எட்டடி என்று எழுதியிருக்கிறாய். எட்டடியில், அதுவும் அந்த வயதுக் கண்ணுக்கு, ஹெச்டி ரெடிக்கும் ஃபுல் ஹெச்டிக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. அம்மாவுக்கு மட்டும் என்றால் ஹெச்டி ரெடியே போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நீதான் நடுவில் மடிக்கணினியைக் கொண்டுவந்து செருகப்போகிறேன் என்கிறாய். எப்போதாவது புகைப்படம் காட்ட, பேத்தியோடு வீடியோ அழைப்பு பேச என்றால் ஃபுல் ஹெச்டியாக வாங்கிக்கொள். தினமும் மேஜையில் போட்டு எழுதப்போகிறாய் என்றால் அதற்குத் தனியாக ஒரு கணினித் திரை வாங்கு. அம்மாவின் டிவியை விட்டுவிடு.

இன்னொன்று, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சாதாரண சேனல் ஹெச்டி அல்ல. அது பல நாடுகளில் 720 × 576 தான். பெருக்கிப் பார், நாலு லட்சத்துச் சொச்சம். ஃபுல் ஹெச்டித் திரையின் புள்ளிகளில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கை டிவியே அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அதனால்தான் சாதாரண சேனலை விலையுயர்ந்த திரையில் பார்க்கும்போது சில சமயம் பழைய குழாய் டிவியே தேவலை என்று தோன்றும். டிவியை மாற்றுவதற்கு முன் அம்மா பார்க்கும் சேனல்கள் ஹெச்டியில் வருகின்றனவா என்று விசாரி. வந்தால், செட்டாப் பாக்ஸும் ஹெச்டியாக இருக்க வேண்டும், ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள பழைய கேபிளில் ஹெச்டி படம் வராது.

வாங்கப் போகும்போது ஒரு சொல்லில் கவனமாக இரு. "1080 சப்போர்ட் செய்யும்" என்பார்கள். 1080 வரிப் படத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், உள்ளே 768 ஆகச் சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பொய் என்றும் சொல்ல முடியாது. ஹெச்டி ரெடி என்ற பட்டத்துக்கே 2005-இல் ஐரோப்பியத் தொழில் அமைப்பு வைத்த நிபந்தனைகளில் திரைக்கானது குறைந்தது 720 வரி வேண்டும் என்பதுதான். நீ கேட்க வேண்டியது, பேனலின் நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது திரையிலேயே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, என்ன என்று. பதில் இழுத்தால் மடிக்கணினியை ஹெச்டிஎம்ஐயில் செருகி, 1920 × 1080 என்று வைத்து, சின்ன எழுத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பக்கத்தில் நின்று பார். எழுத்து கூர்மையாக இருந்தால் சரி. ஓரம் கலங்கியிருந்தால் ஒரு வேலை பாக்கி: சில டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் வெட்டி, மிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும். செட்டிங்ஸில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் மாதிரி ஏதாவது ஒரு பெயரில் அதை நிறுத்தும் வழி இருக்கும். நிறுத்திய பிறகும் கலங்கியிருந்தால் அந்தத் திரை ஃபுல் ஹெச்டி இல்லை என்றே சந்தேகப்படு.

கோணத்தையும் பார்த்துவிடு. மலிவான சின்னத் திரைகள் சிலவற்றில் பக்கவாட்டில் நின்றால் நிறம் வெளிறும், கீழிருந்து பார்த்தால் கறுத்துப்போகும். அம்மா படுத்துக்கொண்டு பார்ப்பவர் என்றால் எனக்கு ரெசல்யூஷனைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கடையில் கொஞ்சம் குனிந்து பார்ப்பதற்கு வெட்கப்படாதே.

வீட்டுக்கு வந்ததும் பட செட்டிங்ஸில் விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்று. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்த நீலமும் பளபளப்பும்தான் விவிட். சினிமா மோட் முதலில் மஞ்சளாகத் தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும். (என் இடது கண்ணுக்கு எல்லாமே சினிமா மோட்தான்.) ஷார்ப்னெஸையும் நன்றாகக் குறைத்துவிடு. அதை ஏற்றினால் படத்தில் இல்லாத விவரம் ஒன்றும் வராது, உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும்.

ஒலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய டிவியில் ஒலிபெருக்கிக்கு இடம் கிடையாது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஹெட்போன் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இரண்டு மூன்று மாடல் பிடித்திருந்தால் எண்ணைக் குறித்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், உன் தம்பி மகள் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று? போன கடிதத்தில் பாதியில் விட்டுவிட்டாய். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்